ஏர் இழுக்குது

காலை ஏழரை மணிக்கு மேல் மீஞ்சூர் கடைத்தெருவைக் கடக்கிறவருக்குத் தன் வண்டி எத்தனை குதிரைசக்தி என்ற கவலை இருக்காது. முன்னால் ஷேர் ஆட்டோ, பின்னால் கன்டெய்னர் லாரி, பக்கத்தில் பள்ளிக்கூட வேன். அந்த நெரிசலில் வண்டியிடம் அவர் எதிர்பார்ப்பதெல்லாம் ஆக்சிலேட்டரை விட்டாலும் அணையாமல் நிற்க வேண்டும் என்பதுதான். அத்திப்பட்டில் குடியிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்வந்த காலத்தில் ஐட்லிங்கின் அருமையை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். நந்தியம்பாக்கம், மீஞ்சூர், பொன்னேரி, தச்சூர் கூட்ரோடு, கவரப்பேட்டை என்று போகும் அந்தப் பாதையில் ஹைவே ஏறிய பிறகுதான் வண்டி வண்டியாக ஓடும். அதுவரை ஊர்வதும் நிற்பதும் ரயில்வே கேட்டில் காத்துக் கிடப்பதும்தான். கூட்ஸ் ஒன்று போய், எதிர்த்தடத்தில் மின்சார ரயில் வந்து, அதுவும் போன பிறகுதான் கேட் திறக்கும்.

என் வண்டி 2010 மாடல். 150 சிசி, எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்), செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்; அத்தனை வருடம் உப்புக்காற்றில் நின்ற எந்த வண்டிக்கும் வரக்கூடியதுதான் அதற்கும் வந்தது. அதன் தலைமுறையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். 2006-இல் ஹீரோ ஹோண்டாவின் கிளாமர் எஃப்.ஐ. வந்தபோதுதான் கார்ப்ரேட்டர் இல்லாத மோட்டார் சைக்கிள் நம் நாட்டில் தயாராகத் தொடங்கியது. 2007-இல் பல்சர் 220, 2008-இல் யமஹா ஆர்15, 2009-இல் எங்கள் ரயில் தடத்திலேயே இருக்கும் திருவொற்றியூர் ஆலையிலிருந்து கிளாசிக் 500. பல்சர் 220-ஐ 2009-லேயே மறுபடி கார்ப்ரேட்டருக்கு மாற்றிவிட்டார்கள். 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பி.எஸ்.6 புகை விதி நடைமுறைக்கு வரும்வரை சாதாரண ஜனங்களின் வண்டியெல்லாம் பெரும்பாலும் கார்ப்ரேட்டர் வண்டிதான். ஆகவே இடைப்பட்ட பதின்மூன்று பதினான்கு வருடத்தில் வந்த எஃப்.ஐ. வண்டிகள் இரண்டு பக்கமும் சேராமல் நிற்கின்றன. பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு அது பழைய சரக்கு. தெருமுனை மெக்கானிக்குக்கோ அது கம்ப்யூட்டர் வண்டி.

அத்திப்பட்டின் காற்றைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிழக்கே எண்ணூர் முகத்துவாரம், கழிமுகத்து உப்பு நீர், 2001-இல் திறந்த துறைமுகம். வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் சேர்ந்து 1,830 மெகாவாட்; பக்கத்தில் வல்லூரில் 1,500 மெகாவாட். ராத்திரி வாசலில் நிறுத்திய வண்டியின் சீட்டைக் காலையில் துடைத்தால் துணி கருக்கும். ஜன்னல் கம்பி, மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய், சைக்கிள் செயின் எல்லாமே மற்ற ஊரைவிட ஒரு படி முன்னதாக வயசாகும். மோட்டார் சைக்கிளில் ரப்பரும், ஒயர் முனையில் இருக்கும் செம்பும் அப்படித்தான். இரும்பு துரு பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். ரப்பரும் செம்பும் உறைக்கு உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் வடிய நாளானது. வண்டி இன்ஜினின் அடிப்பாகம் முழுகும் அளவுக்கு நின்றது. ஆயில் மாற்றி, ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்து, ப்ளக்கைத் துடைத்துப் போட்டதும் கிளம்பிவிட்டது. பொங்கல் முடிந்த பிறகுதான் தொந்தரவு தொடங்கியது. காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். ஐட்லிங் 1,400 ஆர்.பி.எம்.மில் அழகாக நிற்கும். நந்தியம்பாக்கம் தாண்டி மீஞ்சூர் போவதற்குள் இன்ஜின் நன்றாகச் சூடாகிவிடும். அதன் பிறகு கியரை நியூட்ரலில் போட்டு நின்றால் மீட்டர் முள் 2,000-க்கு ஏறும், 900-க்கு இறங்கும், திரும்ப ஏறும். சில நேரம் இறங்குகிற இறக்கத்திலேயே அணைந்துவிடும். ஹைவேயில் அறுபது, எழுபதில் போனால் ஒரு குறையும் சொல்ல முடியாது. செக் இன்ஜின் லைட் ஒரு தடவைகூட எரியவில்லை.

விஷயத்தைக் கேட்டவர்களெல்லாம் ஒரே குரலில் சொன்னார்கள்: புயல் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அந்த நாட்களில் வடசென்னை முழுக்க டிவி முதல் கிரைண்டர் வரை எல்லாப் பழுதுக்கும் அந்தக் காரணம்தான். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள். பழுதைச் சொல்லும் கோடு எதுவும் வரவில்லை. த்ராட்டில் பாடியை சென்சாரோடு சேர்த்து செட்டாக மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். விலையைக் கேட்டேன். வண்டியை நான் வாங்கிய விலையில் பாதிக்கு வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

ஸ்கேனர் என்ன பார்க்கிறது, என்ன பார்ப்பதில்லை என்று எனக்குத் தொழில்முறையில் தெரியும். சிப்காட்டில் ஓர் இரும்பு உருட்டாலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருந்தேன். ஒரு சென்சாரின் ஒயர் அறுந்தால், அல்லது எர்த்தோடு ஒட்டிக்கொண்டால், அதன் வோல்டேஜ் எல்லையைத் தாண்டிப் போகும். அப்போது கம்ப்யூட்டர் கோடு எழுதும். சென்சார் நம்பும்படியான ஓர் அளவைச் சொல்லிக்கொண்டிருக்கும் வரை கம்ப்யூட்டருக்குப் புகார் இல்லை. அந்தக் காலத்து வண்டியில் இருந்த கோடுகளும் கொஞ்சம்தான். ரப்பரில் விழுந்த வெடிப்புக்குக் கோடு கிடையாது. தளர்ந்த கிளாம்ப்புக்கும் கிடையாது. கோடு வரவில்லை என்றால் ஒயர் எதுவும் அறுந்து கிடக்கவில்லை என்று அர்த்தம் செய்துகொள்ளலாம். அதற்கு மேல் அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷன் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தார். எண்பதுகளில் திருவொற்றியூரில் புல்லட் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர். பிளாட்டினம் பாயின்ட்டையும் கார்ப்ரேட்டரையும் காதால் கேட்டே செட் பண்ணுவார். பி.எஸ்.6 வந்தபோது அவர் வயதுக்காரர்கள் பலர் கடையை மூடிவிட்டு பஞ்சர் போடவும், கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கவும் போனார்கள். இவர் போகவில்லை.

“அண்ணே, எஃப்.ஐ. வண்டி. பாப்பீங்களா?”

“பாக்கறதுக்கு இன்னாப்பா? அதுவும் காத்தையும் பெட்ரோலையும் கலந்துதான கொளுத்துது. எப்ப ஆஃப் ஆவுது?”

“சூடானாதான் அண்ணே.”

“அப்ப காலைல கொண்டாந்து நிறுத்தாத. காலைல வராத நோவ காலைல எப்டிப் பாக்கறது? டியூட்டி முடிச்சி சூட்டோட வா.”

இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ராத்திரி விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். காலையில் ஆறிப்போன இன்ஜினில்தான் ஸ்கேனர் மாட்டினார்கள். சூட்டில் வருகிற கோளாறைச் சூட்டில் பார்க்க வேண்டும் என்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஆனால் அதை முதலில் சொன்னவர் இவர்தான்.

அவர் போட்ட இரண்டாவது கட்டளை, ஸ்க்ரூவைத் தொடாதே என்பது. “அதத் தொட்டுட்டா எங்கேர்ந்து ஆரம்பிச்சோம்னே தெரியாம பூடும்” என்றார். இன்ஜினுக்குப் போகும் காற்றை ஒரு தட்டால் திறந்து மூடும் த்ராட்டில் பாடியில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். ஒன்று, மூடிய தட்டைச் சுற்றிப் பக்கவழியில் எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதை வைப்பது. மற்றொன்று தட்டு எந்த இடத்தில் மூடி நிற்க வேண்டும் என்பதைத் தொழிற்சாலையிலேயே வைத்து, பெயின்ட் தொட்டு முத்திரை போட்டது. கார்ப்ரேட்டர் பழக்கத்தில் இரண்டாவதைத் திருகுபவர்கள் உண்டு. திருகினால் தட்டு கொஞ்சம் திறந்து நிற்கும். அதோடு ஒட்டிய த்ராட்டில் பொசிஷன் சென்சாரும் நகரும். வண்டிக்காரர் ஆக்சிலேட்டரைப் பிடித்திருப்பதாக கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். ஐட்லிங் கணக்கே அதற்குப் பிறகு வேறு. என் வண்டியில் அந்தப் பெயின்ட் உடையாமல் இருந்ததைக் கண்ணாடி வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே அவர் ஸ்பேனரை எடுத்தார்.

நான் மல்டிமீட்டர் கொண்டு போனேன். பேட்டரி 12.6 வோல்ட், குறையில்லை. ஓடும்போது சார்ஜிங் 14-க்குப் பக்கம், அதுவும் சரி. அடுத்து, ஓடுகிற நிலையில் பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜின் உடம்புக்கு அளந்தேன். அங்கே கிட்டத்தட்ட ஒன்றும் காட்டக் கூடாது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது, அதுவும் நிலையாக இல்லாமல் ஆடியது. எர்த் ஒயரின் வளையத்தைக் கழற்றினால் பச்சைக் களிம்பு. சேஸிஸில் அது உட்காரும் இடத்திலும் அப்படியே. புயல் தண்ணீர் செய்த வேலை இது. ஐட்லிங்கில் இன்ஜெக்டர் ஒரு தடவை திறந்திருக்கும் நேரம் இரண்டு மில்லி செகண்ட் அளவுதான். அதில் கணிசமான பங்கு ஊசி நகர்ந்து திறப்பதற்கே போய்விடும். வோல்டேஜ் குறைந்தால் திறக்க இன்னும் தாமதமாகும், பெட்ரோல் குறையும். கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த வோல்டேஜை வைத்து இதை ஈடுகட்டும். எர்த்தில் ஆடுகிற அரை வோல்ட்டை அது ஈடுகட்ட முடியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வளையத்தை மாற்றி, வாசலைன் தடவி முடுக்கினோம். கம்ப்யூட்டரின் (ஈ.சி.எம்.) கப்ளரையும் பிரித்து ஊதிச் சுத்தம் செய்தோம்.

அணைவது குறைந்தது, ஊசலாட்டம் போகவில்லை. “ஒன்னு போச்சி. இன்னொன்னு உள்ள இருக்கு” என்றார் அண்ணன். பழுது பார்ப்பதில் ஆளைச் சோர வைக்கும் கட்டம் இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு கோளாறு சேர்ந்திருக்கும்போது ஒன்றைச் சரிசெய்தால் பாதிக் குணம் தெரியும். செய்தது தப்பான இடமோ என்று சந்தேகம் வரும். அவருக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. கெட்டிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது, சரிசெய்தாயிற்று, அது முடிந்தது. அடுத்ததைத் தேட வேண்டும்.

த்ராட்டில் பொசிஷன் சென்சாருக்கு மூன்று ஒயர். ஒன்றில் 5 வோல்ட் வந்தது. மூடிய நிலையில் சிக்னல் 0.6-க்குப் பக்கம், ஆக்சிலேட்டரை மெல்லத் திருக நடுவில் எங்கும் குதிக்காமல் ஏறியது. த்ராட்டில் பாடியைக் கழற்றி, தட்டின் விளிம்பில் படிந்திருந்த கறுப்பைத் துணியால் துடைத்தார், சுரண்டவில்லை. வால்வ் இடைவெளியை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிய இன்ஜினில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது.

அந்த வருடம் பெட்ரோலைப் பற்றிப் பேசாதவர் இல்லை. 2023 பிப்ரவரியில் இ20 பெட்ரோல் வரத் தொடங்கியதிலிருந்து பழைய வண்டி எது மக்கர் பண்ணினாலும் எத்தனால் மேல் பழி. எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதம் கலந்தால் தேவை சுமார் 13.5-க்கு வரும், பத்து சதவீதத்துக்கு 14.1. அதாவது பத்து சதவீதத்துக்கு ஏற்பக் கணக்கு எழுதிய வண்டியில் இ20 ஊற்றினால் கலவை நூற்றுக்கு நாலு பங்கு மெலியும். சைலன்சரில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சூடாக இருந்து வேலை செய்யும்போது கம்ப்யூட்டர் இதைத் திருத்திக்கொள்ளும். நெரிசலில் நின்று நின்று போகும்போது அந்தச் சென்சார் ஆறிப்போகலாம். அப்போது திருத்தம் இல்லை. ஆகவே ஏற்கெனவே காற்று கசியும் வண்டியின் குறையை இ20 வெளியே கொண்டுவரும். அதுவே கசிவை உண்டாக்கியது என்று சொல்வதற்கு இந்த வண்டியில் ஆதாரம் இல்லை. தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று டேங்க்கின் அடியிலிருந்து பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்துப் பார்த்தோம். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்திருந்தால் கீழே தனி அடுக்காக நிற்கும். அப்படி எதுவும் நிற்கவில்லை.

ஒரு சாயங்காலம் டியூட்டி முடித்து வண்டியைச் சூட்டோடு கொண்டுபோய் நிறுத்தியபோது, அண்ணன் பக்கத்து சலூனிலிருந்து தலைக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரே பாட்டிலை வாங்கிவரச் சொன்னார். சில இடங்களில் இதே வேலைக்கு கார்ப்ரேட்டர் கிளீனரை அடிப்பார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் அதை அடிப்பது நெருப்போடு விளையாடுவது. தண்ணீர் எரியாது. வெடிப்பு இருக்கிற இடத்தில் தண்ணீர் பட்டால் நொடி நேரத்துக்கு அது வாயை அடைக்கும். உள்ளே போகும் காற்று மாறும். இன்ஜின் சத்தத்தில் அது தெரிந்துவிடும். மின் கப்ளர்களைப் பாலிதீன் பையால் மூடினார். த்ராட்டில் பாடிக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் ஒரு தடித்த ரப்பர்க் குழாய் இருக்கும். மேனிஃபோல்டு ரப்பர் என்பார்கள். அதன் மேல்பக்கம் அடித்தார், மாற்றமில்லை. இரண்டு பக்கவாட்டிலும் அடித்தார், மாற்றமில்லை. பிறகு தரையில் உட்கார்ந்து, பாட்டிலைச் சாய்த்து, கீழ்ப்பக்கம் அடித்தார். ஏறி இறங்கிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று சமமாகி, ஒரு மூச்சு நேரம் 1,400-இல் நின்று, மறுபடி ஆடத் தொடங்கியது. இன்னொரு தடவை அடித்தார். மறுபடி நின்றது.

“பாத்தியா? ஏர் இழுக்குது.”

கழற்றிப் பார்த்தால் வெளியே வழுவழுவென்று புதுசு மாதிரிதான் இருந்தது. கட்டைவிரலால் உள்ளிருந்து அழுத்தி வளைத்தபோது, கிளாம்ப் உட்காரும் விளிம்பை ஒட்டி, கீழ்ப்பக்கம், மெல்லிய பிளவு வாய் திறந்தது. எத்தனையோ வருடச் சூட்டில் ரப்பர் மரத்துப்போயிருந்தது. யாரோ எப்போதோ கிளாம்ப்பை வேண்டிய அளவுக்கு மேல் முடுக்கியதில் விளிம்பு நசுங்கியும் இருந்தது.

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். 150 சிசி நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் 1,400-இல் ஓடும்போது நிமிடத்துக்கு 700 முறை காற்றை இழுக்கும். சிலிண்டர் முழுதாக நிரம்பினால் 105 லிட்டர். தட்டு மூடியிருப்பதால் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே உண்மையில் போகும். 35 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பிளவு வழியாக நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் கசிந்தால் அது ஏழில் ஒரு பங்கு. அதே இன்ஜின் ஹைவேயில் நன்றாகத் திறந்து 8,000-இல் ஓடினால் 600 லிட்டர் இழுக்கும். ஐந்து லிட்டர் அங்கே கணக்கிலேயே வராது. போதாததற்கு, தட்டு திறந்தால் உள்ளே உறிஞ்சும் வேகமும் குறையும், கசிவே சுருங்கும். ஹைவேயில் வண்டி ஒழுங்காகவும் மீஞ்சூரில் ஒழுங்கற்றும் இருந்ததற்கு இதுதான் காரணம். உறிஞ்சுதல் மிகப் பலமாகவும், காற்றும் பெட்ரோலும் மிகக் கொஞ்சமாகவும் இருக்கும் நிலை ஐட்லிங். அதனால் இன்ஜினின் எந்தச் சின்னக் குறையும் முதலில் அங்கேதான் தலைகாட்டும்.

காலையில் ஏன் வரவில்லை? ஆறிய இன்ஜினுக்கு கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். கசிந்து வரும் காற்றுக்கு வேண்டியது அதிலேயே கிடைத்துவிடும். சூடாகிவிட்டதென்று டெம்பரேச்சர் சென்சார் சொன்னதும் அந்தக் கூடுதலை நிறுத்திவிடும். கசிவு அப்போதுதான் அம்பலமாகும். சரி, மேலும் கீழும் ஏன் ஆட வேண்டும்? கூடுதல் காற்றில் வேகம் ஏறுகிறது. தட்டு மூடியிருக்கிறது, வேகமோ அதிகம் என்று பார்க்கும் கம்ப்யூட்டர், வண்டிக்காரர் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மேம்பாலச் சரிவில் இறங்குகிறார் என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலை வெட்டும். வேகம் விழும். விழுந்ததும் பெட்ரோலைத் திரும்பத் திறக்கும். ஏறும். கம்ப்யூட்டர் தனக்குச் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் முடிவெடுத்துக்கொண்டிருந்தது.

இதையே நான் உலைக்களத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆலையில் பில்லெட்டைச் செந்தழலாகக் காய்ச்சும் ரீஹீட்டிங் ஃபர்னஸ் ஒன்று உண்டு. காய்ச்சி உருளைகளுக்கு நடுவே விட்டுக் கம்பியாக இழுப்பார்கள். ஃபர்னஸின் புகைபோக்கியில் ஒரு ஆக்சிஜன் சென்சார் இருக்கும். சிர்கோனியா என்ற பீங்கான் வகைப் பொருளால் ஆனது. மோட்டார் சைக்கிள் சைலன்சரில் செருகியிருப்பதும் அதே பொருள்தான். உள்ளே எரியாமல் மிஞ்சிய ஆக்சிஜன் எவ்வளவு என்று அது சொல்ல, அதைக் கேட்டு எரிபொருளையும் காற்றையும் கூட்டிக் குறைப்பார்கள். ஒரு சமயம் சென்சார் ஓயாமல் ஆக்சிஜன் அதிகம் என்றே காட்டியது. ஷிஃப்ட்டில் இருந்தவர்கள் எண்ணெயைக் கூட்டிக்கொண்டே போனார்கள். புகை கறுத்தது, எண்ணெய்ச் செலவு ஏறியது, சென்சார் கெட்டுவிட்டது என்று புதிதுக்கு ஆர்டர் போடப் பேச்சு நடந்தது. அப்போது எனக்குச் சீனியராக இருந்தவர் பேனல் பக்கமே வராமல், ஃபர்னஸைச் சுற்றி நடந்தார். பில்லெட் உள்ளே தள்ளும் கதவின் அடியில் செங்கல் சரிந்து ஒரு சந்து விழுந்திருந்தது. அந்தச் சந்து வழியாக உள்ளே போன காற்று எரிகிற இடத்தைத் தொடாமலே புகைபோக்கிக்குப் போய்க்கொண்டிருந்தது. சென்சார் பார்த்தது அந்தக் காற்றை. அது சொன்னதில் பொய்யில்லை; கேட்டவர்கள்தான் அதை உலைக்குள் எரியும் காற்றென்று எடுத்துக்கொண்டார்கள். சந்தை அடைத்ததும் சென்சார் சரியாகிவிட்டது. அண்ணன் தரையில் உட்கார்ந்து ஸ்ப்ரே பாட்டிலைச் சாய்த்தபோது எனக்கு அந்தச் சீனியர்தான் ஞாபகத்துக்கு வந்தார். இருவருக்கும் படிப்பு வேறு, சம்பளம் வேறு, தொழில் வேறு. அளவு காட்டும் கருவியிடம் கேட்பதற்கு முன்னால் காற்று எந்த வழியாக வருகிறது என்று கண்ணால் பார்க்கும் பழக்கம் இருவருக்கும் ஒன்று.

ரப்பருக்காக அலைந்தேன். பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை போகலாம் என்றதற்கு அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “அங்க கெடைக்கறது உன் வண்டி வயசு ரப்பரா இருக்கும். ஜி.பி. ரோடு போய் புச்சா வாங்கு” என்றார். சிலிக்கான் பேஸ்ட் பூசி ஓட்டலாமா என்றும் கேட்டேன். பெட்ரோல் ஆவியில் அது ஊறிப் பிய்ந்து வால்வுக்குப் போகும், செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடை கடையாக ஏறி, பழைய ரப்பரைக் காட்டி, அளவு ஒத்துப்போகும் புதியதை வாங்கினேன். த்ராட்டில் பாடி செட்டுக்குச் சொன்ன விலையோடு பார்க்கையில் அது டீச்செலவு. கிளாம்ப்பும் புதிது. அண்ணன் விளிம்பு நசுங்காத அளவுக்கு, கைக்கணக்கில் முடுக்கினார். எண்ணூர் வரை ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வரச் சொன்னார். வந்த பிறகுதான், அதுவரை யாரையும் தொட விடாத பக்கவழி ஸ்க்ரூவை முதல்முறையாகத் தொட்டார். கால் சுற்றுகூட இல்லை. முள் 1,400-இல் நின்றது. ஹெட்லைட்டைப் போட்டார், ஹாரன் அடித்தார், நின்றது. மறுநாள் மீஞ்சூர் கடைத்தெருவில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன், அப்போதும் நின்றது.

அவருக்கு இருந்த ஒரே குறை வயரிங் படம். எந்த நிற ஒயர் எங்கே போகிறது, எந்த முனையில் எவ்வளவு வோல்ட் வர வேண்டும் என்பது கம்பெனி சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அவர் கைக்கு அது வராது, வந்தாலும் இங்கிலீஷில் இருக்கும். 2022-இல் ஒன்றிய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அந்த டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் அடக்கம். அதன் பலன் அத்திப்பட்டு புதுநகரில் ஸ்பேனர் பிடிக்கிற கை வரை வர வேண்டும், தமிழில் வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். நாற்பது வருடமாக இன்ஜினின் சத்தத்தைக் கேட்டுப் பழகிய காது ஒரு வரைபடம் இல்லாததால் வேலைக்கு ஆகாமல் போவது பெரிய இழப்பு. இந்தப் பக்கத்து ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கும் கம்ப்யூட்டர் கோடு பார்ப்பதோடு, சூடான வண்டியைச் சூட்டோடு பார்ப்பதையும் சொல்லித்தர வேண்டும்.

அதற்கடுத்த மாதம் சிப்காட்டில் என்னோடு வேலை பார்த்த பையன் ஒருவன் தன் பி.எஸ்.6 ஸ்கூட்டரை அண்ணனிடம் கொண்டுவந்தான். அதே புகார், ஐட்லிங் நிற்கவில்லை. அண்ணன் ஸ்ப்ரே பாட்டிலால் சுற்றிலும் அடித்துப் பார்த்தார், சத்தம் மாறவில்லை. ஏர் இழுக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டு, என்னைக் கூப்பிட்டு விட்டார். அந்த வண்டியில் ஸ்க்ரூவே கிடையாது. பக்கவழிக் காற்றைக் கம்ப்யூட்டரே ஒரு சின்ன மோட்டாரால் திறந்து மூடும். கப்ளரில் நாலு ஒயர். எது எதற்கென்று தெரியாமல் அவர் மீட்டரை வைக்க மாட்டார். நான் மேனுவலில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, ஒயர் நிறங்களைத் தமிழில் எழுதி, எந்த இரண்டு முனைக்கு நடுவில் எவ்வளவு ஓம் காட்ட வேண்டும் என்று பக்கத்தில் குறித்துக் கொடுத்தேன். காயில் இரண்டும் சரியாக இருந்தன. மோட்டாரைக் கழற்றினால் அதன் கூம்பு முனை உட்காரும் துளையில் கரி அடைத்திருந்தது. துடைத்துப் போட்டார். அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஸ்பேனர் மாட்டும் பலகையில் ஆணி அடித்து மாட்டிவிட்டு, “அடுத்த மாடலுக்கும் இத மாதிரி எழுதிக் குடுப்பா” என்றார்.